கட்ச்: கூடாரத்துக்குக் கொட்டும் பணத்தை தோலாவிராவுக்கு மிச்சம் பிடியுங்கள்

குஜராத்தின் கட்ச் பகுதியில் உள்ள உப்புப் பாலைவனமான வெள்ளை ரண்ணைப் பார்க்க நவம்பரில் டிக்கெட் போடுகிறவர்களை முதலில் தடுக்க வேண்டும். ரண் உத்சவ் விழாவுக்கான கூடாரங்கள் அப்போதே தயாராகிவிடும், உப்பு தயாராகாது. மழைக்காலத்தில் கடல்நீரும் மழைநீரும் ஏறி நிற்கும் நிலம் அது. நீர் வற்றி உப்பு இறுகுவதற்குள் டிசம்பர் பாதி போய்விடும். முன்னதாகப் போனால் மேலே மெல்லிய வெள்ளை ஏடு, அடியில் கருஞ்சேறு. கால் வைத்தால் உள்ளே இறங்கும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சரியான காலம். பௌர்ணமிக்கு வாடகை எகிறும். ஓரிரு நாள் தள்ளிப் போனாலும் நிலவுக்குக் குறைவிருக்காது, பணமும் மிஞ்சும்.

சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு நவஜீவன் எக்ஸ்பிரஸ். அங்கிருந்து சுமார் 330 கி.மீ.யில் கட்ச் மாவட்டத் தலைநகர் புஜ், இரவு ரயில் உண்டு. தெற்கே இருப்பவர்களுக்கு நாகர்கோவிலிலிருந்து கட்ச் பகுதியிலேயே உள்ள காந்திதாமுக்கு வாராந்திர ரயில் இருக்கிறது.

பர்ஸ் கரைவது புஜ்ஜில்தான். டாக்சி பேசும்போது "ஒயிட் டெசர்ட்" என்று மட்டும் சொன்னால் காலா டுங்கர் குன்றுக்குத் தனிக் காசு, இருட்டும் வரை காத்திருக்கத் தனிக் காசு என்று ஏறிக்கொண்டே போகும். புஜ் – காலா டுங்கர் – தோர்டோ (வெள்ளை ரண்ணை ஒட்டிய ஊர்) – புஜ் என்று முழுச் சுற்றையும் சொல்லிப் பேசுங்கள். மொத்தம் ஏறக்குறைய 230 கி.மீ. வரும். கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, எத்தனை மணி வரை என்பதை வண்டி ஏறும் முன்பே முடித்துவிட வேண்டும். பிரண்டியாராவில் சாலை பிரிகிறது: நேரே காவ்டா, இடப்பக்கம் தோர்டோ. ரண்ணுக்கான அனுமதிச் சீட்டை இணையத்திலேயே எடுத்துவிட்டால் மாலை வரிசையில் நிற்க வேண்டாம். அடையாள அட்டையும் நகலும் கையில் இருக்கட்டும். பிரண்டியாராவில் பாலைச் சுண்டக் காய்ச்சிச் சுடச்சுடத் தரும் மாவாவை விட்டுவிடாதீர்கள்.

தங்க ஹோட்கா பக்கம் 'புங்கா' எனும் வட்ட மண்வீடுகள் போதும். உள்சுவரில் களிமண் புடைப்பு வேலை, அதில் பதித்த சின்னச் சின்னக் கண்ணாடிகள். விளக்கு வைத்ததும் சுவரே மினுங்கும். இரவில் குளிர் பல்லைக் கிட்டும், ஸ்வெட்டர் அவசியம். பகலில் உப்பு கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடி அதைவிட அவசியம்.

அடுத்து சாப்பாடு, மாண்ட்வி கடற்கரை என்று வரிசையாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் தோலாவிராவைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. காவ்டாவிலிருந்து போகும் புதுச் சாலை ரண்ணை நடுவே வகிர்ந்துகொண்டு போகிறது, இரண்டு பக்கமும் அடிவானம் வரை உப்பு. அது காதிர் தீவில் ஏறியதும் சிந்துவெளி நகரம். 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். ஹரப்பாவும் மொகஞ்சதாரோவும் செங்கல். இங்கே பெரும்பாலும் செதுக்கிய கல். மழை பெய்தால் மட்டும் ஓடும் இரண்டு ஓடைகளை அணை போட்டு மறித்து, கோட்டையைச் சுற்றி வெட்டிய குளங்களுக்குத் தண்ணீரைத் திருப்பியிருக்கிறார்கள். கிழக்குக் குளம் 70 மீட்டருக்கு மேல் நீளம். படிக்கட்டின் மேலிருந்து பார்த்தால் ஆழம் மலைக்க வைக்கிறது. அடுத்து வடக்கு வாசல். பத்துப் பெரிய எழுத்துகள் கொண்ட பெயர்ப்பலகை கிடைத்தது இங்கேதான். என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுவரை யாராலும் படிக்க முடியவில்லை.

இதை அரை மணியில் முடித்துக்கொண்டு கிளம்புவது பெரிய அநியாயம். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். காலை எட்டு மணிக்கே உள்ளே இருந்தால் நல்லது, நிழல் கிடையாது. புஜ்ஜிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் பல இடங்களில் சிக்னல் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். தோலாவிரா அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.