நிமிடத்துக்கு 132: பேண்டு செட்டில் வேகமான பீஸ் வாசிப்பது

சர்க்கஸில் கோமாளி உள்ளே வரும்போது அடிக்கிற மெட்டு எல்லாருக்கும் தெரியும். செக் நாட்டுக்காரரான ஜூலியஸ் ஃபூசிக் 1897-ல் ராணுவ பேண்டுக்காக எழுதிய அணிவகுப்பு இசை அது. அரைச்சுரம் அரைச்சுரமாக ஓடும் ஓட்டங்களால் பின்னப்பட்டதால் முதலில் 'குரோமாட்டிக்' என்ற சொல்லை வைத்தே பெயரிட்டிருந்தார், பிறகு வைத்த பெயர் 'கிளாடியேட்டர்களின் நுழைவு'. 1901-ல் கனடாவின் லூயி பிலிப் லோரண்டோ அதைச் சின்ன பேண்டுகளுக்கு ஏற்றபடி மாற்றி எழுதியது அமெரிக்காவில் அச்சானது. சர்க்கஸ்காரர்கள் கையில் வேகம் ஏறியது. கல்யாண ஊர்வலத்திலும் பள்ளி ஆண்டு விழாவிலும் இதையோ இதைப் போன்ற இன்னொன்றையோ எடுக்கலாம் என்று வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்து செட்டுகள் ஆசைப்படுவது நியாயமே. சரியாக விழுந்தால் கூட்டம் நின்று கேட்கும். விழாவிட்டால் வெறும் இரைச்சல். அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது, எப்படித் தவிர்ப்பது என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. நிமிடத்துக்கு 132 அடி, ஓர் அடிக்கு நாலு சுரம். நிமிடத்துக்கு 528 சுரம், நொடிக்கு ஏறக்குறைய ஒன்பது. ஒரு சுரத்துக்குக் கிடைக்கும் நேரம் நொடியில் ஒன்பதில் ஒரு பங்கு. இந்த வேகத்தில் காதால் கேட்டு மனப்பாடம் செய்த ஓட்டம் உதவாது. கேட்டுப் பிடித்த நாலு பேரில் ஒருவர் ஓட்டத்தில் பதினோரு சுரம் வைத்திருப்பார், இன்னொருவர் பன்னிரண்டு, மூன்றாமவர் நடுவில் ஒன்றை இழுத்துவிட்டு முடிவில் பிடித்துக்கொள்வார். மெதுவான பாட்டில் இது தெரியாது. வேகத்தில் ஓட்டம் முழுக்கக் கலங்கிவிடும். ஆகவே எழுத வேண்டும். ஸ்டாஃப் நோட்டேஷன் படிக்கத் தெரியாதவர்களுக்கு நம் சுரத்திலேயே எழுதிக் கொடுக்கலாம்: ச ரி1 ரி2 க2 க3 ம1 ம2 ப த1 த2 நி2 நி3 ச. பன்னிரண்டு தானமும் அதில் வந்துவிடுகிறது. நாகஸ்வரப் பயிற்சியோடு கிளாரினெட்டுக்கு வந்தவர்களிடம் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: இந்த ஓட்டத்தில் கமகம் கூடாது, ஒவ்வொரு சுரமும் நேராக நிற்க வேண்டும்.

டிரம்பெட்டில் எங்கே சிக்குகிறது என்று பார்க்க, ஸ்டாஃபின் மூன்றாம் இடைவெளியில் எழுதும் சி-யிலிருந்து ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறங்கிப் பாருங்கள். வால்வு வரிசை இது (எண் அழுத்த வேண்டிய வால்வு, 'திறந்தபடி' என்றால் எதையும் அழுத்தாமல்): சி திறந்தபடி, பி 2, பி பிளாட் 1, ஏ 1-2, ஏ பிளாட் 2-3, ஜி திறந்தபடி, ஜி பிளாட் 2, எஃப் 1, ஈ 1-2, ஈ பிளாட் 2-3, டி 1-3, டி பிளாட் 1-2-3, கீழ் சி திறந்தபடி. ஏ-யிலிருந்து ஏ பிளாட்டுக்கும் ஈ-யிலிருந்து ஈ பிளாட்டுக்கும் போகும்போது நடுவிரல் அழுத்தியபடியே இருக்க, ஆள்காட்டி விரல் எழ வேண்டும், அதே நொடியில் மோதிர விரல் விழ வேண்டும். மோதிர விரல் இயல்பாகவே சோம்பல். ஒரு மயிரிழை தாமதித்தாலும் நடுவில் எழுதாத ஒரு சுரம் கீச்சென்று தலைகாட்டும். முழு ஓட்டத்தையும் நூறு தடவை வாசிப்பதில் இது சரியாகாது. அந்த இரண்டு சுரத்தை மட்டும் தனியே எடுத்து, மெட்ரோனோமை (நிமிடத்துக்கு இத்தனை அடி என்று தட்டும் கருவி) 60-ல் வைத்து, அடிக்கு நாலாக ஒரு நிமிடம் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பிறகு முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் சேர்க்க வேண்டும். மெதுவான வேகத்தில் வாசித்தாலும் வால்வை மெதுவாக அழுத்தக் கூடாது. சுரத்துக்கு நேரம் இருக்கிறது, வால்வுக்கு இல்லை: பட்டென்று அடித்தட்டு வரை போக வேண்டும். யூபோனியத்திலும் விரல் வரிசை இதேதான். ஆனால் வால்வு பெரிது, போகும் தூரம் கூடுதல், அதனால் இந்தப் பயிற்சி அவர்களுக்கு இன்னும் அவசியம்.

கிளாரினெட்காரருக்குச் சிக்கல் வேறு இடத்தில். கழுத்துப் பகுதிச் சுரங்களான ஏ, பி பிளாட்டிலிருந்து அடுத்த பி-க்குத் தாவும்போது ஏறக்குறைய எல்லா விரலும் ஒரே சமயத்தில் மூட வேண்டும். ஒரு துளை பாதி திறந்திருந்தாலும் ரீடு (மவுத்பீஸில் அதிரும் நாணல் தகடு) கத்திவிடும். தீர்வு பழையது, நிச்சயமானது: கழுத்துச் சுரங்களை வாசிக்கும்போதே வலக்கை விரல்கள் மூன்றையும் துளைமேல் மூடி வைத்துக்கொள்வது. சுருதி கெடாது, தாவும்போது இடக்கை மட்டும் வேலை செய்தால் போதும். அடுத்தது மேல் எஃப் – எஃப் ஷார்ப் – ஜி. வழக்கமான விரலில் எஃப் ஷார்ப்புக்கு வலக்கை ஆள்காட்டி விரல் எழுந்து நடுவிரல் விழ வேண்டும். ஓட்டத்தில் இந்த விரல் மாற்றம் தடுக்கும். ஆள்காட்டி விரலை அப்படியே வைத்து, பக்கத்திலுள்ள ஒல்லியான கீயை மோதிர விரலால் தட்டினால் அதே எஃப் ஷார்ப் வரும். இதைத் தெரிந்துகொண்டே பயன்படுத்தாதவர்கள் நிறைய. பென்சிலால் நோட்டில் அந்தச் சுரத்தின் தலையில் ஒரு குறி போட்டுவிடுங்கள், மேடையில் யோசிக்க நேரம் கிடையாது.

நாக்கு விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான செட்டுகள் விழுவது இங்கேதான். ஒற்றை நாக்கில் 'த த த த' என்று 116, 120 வரை சிரமமில்லாமல் போகலாம். நல்ல கை 132-ஐத் தொடும், ஆனால் ஒரு பக்கம் முழுக்க அப்படி வாசித்தால் நாக்கு கனத்துவிடும். பித்தளை வாத்தியக்காரர்களுக்கு இரட்டை நாக்கு வேண்டும்: 'தக தக'. மூன்று மூன்றாக வரும் இடங்களில் 'தகத'. கொன்னக்கோலில் பழகிய நாக்கு 'தகிட' என்று சொல்லப் பார்க்கும். 'ட'-வுக்கு நாக்கு மேலே மடங்குகிறது, மடங்கிய நாக்கு அடுத்த 'த'-வுக்குத் தாமதமாகத் திரும்பும். ஆகவே 'தகத'தான். இரட்டை நாக்கில் 'க' எப்போதும் மெலிந்து கேட்கும். ஐந்து நிமிடம் 'க க க க' என்று மட்டும் ஒரே சுரத்தில் வாசித்துவிட்டுப் பிறகு 'தக' சேர்த்தால் இரண்டும் சமமாகும். எந்தெந்த வரியில் ஒற்றை, எந்தெந்த வரியில் இரட்டை என்று டிரம்பெட்காரர்கள் நால்வரும் பேசி முடிவு செய்ய வேண்டும். இருவர் ஒற்றையும் இருவர் இரட்டையுமாக வாசித்தால் வேகம் சரியாக இருந்தும் ஓசை இரண்டாகப் பிளந்து கேட்கும்.

கிளாரினெட்டில் நாக்கு ரீடின் நுனியைத் தொட வேண்டியிருப்பதால் இரட்டை நாக்கு அவ்வளவு எளிதில் வராது. வரவழைக்கவும் தேவையில்லை. இரண்டு சுரத்தைச் சேர்த்து, இரண்டைப் பிரித்து வாசித்தால் கேட்பவருக்கு வேகம் குறையாது, நாக்குக்கு நாலில் ஒரு பங்கு வேலை குறையும். டிராம்போனுக்கு இந்த ஓட்டத்தைக் கொடுக்கவே கூடாது என்பது என் கருத்து. பி பிளாட்டிலிருந்து கீழே இறங்கினால் சுரத்துக்கு ஒரு நிலையாக ஸ்லைடு நகர்ந்துகொண்டே போகிறது, ஒவ்வொன்றுக்கும் நாக்கு வைக்காவிட்டால் ஒரே இழுவையாகிவிடும். அவர்கள் அடிக்கு இடையே 'சக் சக்' என்று கோர்டு வைத்தால் பீஸுக்கே ஒரு துள்ளல் வருகிறது.

நீண்ட ஓட்டத்தை ஒரே ஆள் முழுக்க ஓட வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். நாலு கிளாரினெட் இருந்தால் இருவர் இரண்டு அடி ஓடி மூன்றாம் அடியின் முதல் சுரத்தில் நிற்கட்டும். மற்ற இருவர் அதே முதல் சுரத்தில் தொடங்கட்டும். அந்த ஒரு சுரம் நால்வரிடமும் இருப்பதால் தையல் தெரியாது. மூச்சுக்கும் இதே ஏற்பாடுதான். பக்கத்துப் பக்கத்து ஆள்கள் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. அப்படியும் மூச்சு போதவில்லையென்றால் ஒரு சுரத்தை விட்டுவிட்டு நிதானமாக வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாச் சுரத்தையும் வைத்தே தீருவேன் என்று நெருக்கினால் அடுத்த நாலு சுரம் கெடும்.

பயிற்சியில் வேகம் ஏற்றுவது பற்றி ஒரு நடைமுறை. 72-ல் தொடங்கி, மூன்று முறை தொடர்ந்து தப்பில்லாமல் வந்தால் 76. தப்பினால் எட்டு குறைத்துத் திரும்ப வர வேண்டும். இடையில் ஓட்டத்தை நீளம்-குட்டை, குட்டை-நீளம் என்று நொண்டி நடையில் வாசித்துப் பார்த்தால் எந்த விரல் பின்தங்குகிறது என்று உடனே தெரியும். மேடையில் 132 என்றால் ஒத்திகையில் 138 வரை போயிருக்க வேண்டும், இல்லையேல் பதற்றத்தில் ஏறும் வேகத்தைத் தாங்க இடமிருக்காது. தொடக்க எண்ணிக்கை கொடுக்கும் மாஸ்டர் முதல் வரியை மனத்தில் பாடிக்கொண்டு எண்ணவே கூடாது. பீஸில் மிகக் கடினமான வரி எதுவோ அதை மனத்துக்குள் பாடிப் பார்த்து, அந்த வேகத்தில் 'ஒன், டூ' சொல்ல வேண்டும். முதல் வரி பெரும்பாலும் சுலபமானது, அதை நம்பி எண்ணினால் வேகம் தானாக ஏறிவிடும்.

இனி தெரு. ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. ஊர்வலத்தில் செட்டின் முன் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் 20 மீட்டர் இடைவெளி விட்டால், பின்னால் அடிக்கும் பேஸ் டிரம் முன்னே போய்ச் சேர ஒரு சுரத்தின் பாதி நேரம் ஆகிறது. 132-ல் அது தாங்காது. வரிசையை நெருக்கி, மொத்த நீளத்தை எட்டு பத்து மீட்டருக்குள் கொண்டுவர வேண்டும். பேஸ் டிரமும் சைடு டிரமும் பின்னால் இருக்க, முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வரும் அடியைக் காதில் வாங்கி அதோடு வாசித்தால், எதிரே நிற்கும் கூட்டத்துக்கு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து போகும். தலைகீழாக, பின்னால் இருப்பவர் முன்னால் வரும் டிரம்பெட்டைக் கேட்டு அடித்தால் தாமதம் இரட்டிப்பாகும். டிரம்காரரிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: "அண்ணே, நீங்க எங்களைக் கேக்காதீங்க, நாங்க உங்களைக் கேட்டுக்கறோம்."

எதிரொலி இன்னொரு தொல்லை. 20 மீட்டர் தள்ளி ஒரு கல்யாண மண்டபத்து மதில் நேரெதிரே இருந்தால், போய்த் திரும்ப 40 மீட்டர், சரியாக ஒரு சுரம் பின்னால் உங்கள் ஓசையே திரும்பி வரும். ஓட்டம் முழுக்க இரட்டையாகக் கேட்கும். அந்த இடத்தில் மதிலுக்கு நேர் முகமாக நிற்காமல் சாய்வாகத் திரும்பி நில்லுங்கள். லாங்கு பஜார் மாதிரி இரு பக்கமும் கடை நெருங்கிய தெருவில் எதிரொலி சீக்கிரம் திரும்பினாலும் மங்கல் கூடும். அங்கே வேகத்தை 120-க்கு இறக்குவதே நல்லது. நடந்துகொண்டே இந்த பீஸை வாசிப்பதும் வேண்டாம். மேடு பள்ளத்தில் கால் இடறும் ஒவ்வொரு முறையும் மவுத்பீஸ் உதட்டில் குதிக்கிறது. ஊர்வலம் நிற்கும் முச்சந்தியிலோ மண்டப வாசலிலோ இதை வைத்துக்கொண்டு, நடக்கும்போது எளிய மெட்டுகளை எடுக்கலாம். ஆடும் பையன்கள் "மாஸ்டர், இன்னும் தூக்குங்க" என்று கேட்பார்கள். நடுவில் தூக்கக் கூடாது. முடித்துவிட்டு, புது எண்ணிக்கையில் மறுபடி தொடங்குவதுதான் அவர்களுக்கும் நல்லது.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் முடியாது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா மே மாத நடுவில் வருகிறது, அப்போது நாற்பது டிகிரி சாதாரணம். 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர் போகும் ஒலி 40 டிகிரியில் 355 மீட்டர் போகிறது. வாத்தியத்துக்குள் இருக்கும் காற்றும் அப்படியே. சுருதி மேலே ஏறும், கணக்குப்படி அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை. ஊதும் மூச்சு ஏற்கெனவே சூடானதென்பதால் நடைமுறையில் அவ்வளவு ஏறாது, ஆனால் எல்லாம் ஒரே அளவில் ஏறாததுதான் சங்கடம். சூசபோன், யூபோனியம் மாதிரி பெரிய குழல்கள் வெளிக்காற்றுக்கு அதிகம் அசைகின்றன. கூடவே கீபோர்டு இருந்தால் அது அசையவே அசையாது.

டிரம்பெட்டின் குழல் நீளம் சுமார் 148 செ.மீ. டியூனிங் ஸ்லைடை 1 செ.மீ. இழுத்தால் காற்று போகும் தூரம் 2 செ.மீ. கூடும், சுருதி ஏறக்குறைய அரைச்சுரத்தில் கால் பங்கு இறங்கும். யூபோனியம் இரட்டை நீளம், அதே பலனுக்கு 2 செ.மீ. இழுக்க வேண்டும். கிளாரினெட்டில் பேரல் என்ற குட்டைத் துண்டை (மவுத்பீஸுக்கு அடுத்தது) ஓரிரண்டு மி.மீ.க்கு மேல் இழுத்தால் கழுத்துச் சுரங்கள் மட்டும் அதிகமாக இறங்கிவிடும், மீதியை நடு இணைப்பில் இழுங்கள். நிழலில் சுருதி சேர்த்துவிட்டு வெயிலில் போய் நிற்பதில் பயனில்லை. வாசிக்கும் இடத்திலேயே ஐந்து நிமிடம் ஊதிவிட்டுச் சேர்க்க வேண்டும். மரக் கிளாரினெட்டை அந்த வெயிலுக்கு எடுத்துப் போகாதீர்கள், வெடிக்கும். எபோனைட் (கெட்டி ரப்பர்) கிளாரினெட் போதும், அதையும் வாசிக்காத நேரத்தில் துணி போர்த்தி வையுங்கள். ரீடு காய்ந்து நுனி வளைந்துவிடுவதால் பழகிய ரீடு இன்னும் இரண்டு பையில் இருக்கட்டும்.

கடைசியாகக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை. கல்யாண வீட்டில் கையில் டீயும் லட்டும் கொடுப்பார்கள். வாசித்து முடித்த பிறகு சாப்பிடுங்கள். சர்க்கரை கலந்த எச்சில் வால்வில் இறங்கினால் அரை மணி நேரத்தில் பிசுபிசுக்கும், கிளாரினெட் கீயின் அடியில் துளையை மூடும் பேடும் துளையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய பேடுக்குக் கீழே மெல்லிய சிகரெட் தாளை வைத்து, கீயை லேசாக அழுத்தி, சற்று விட்டு எடுத்தால் ஈரம் தாளில் ஏறிவிடும். பவுடர் போடாதீர்கள், ஈரத்தோடு சேர்ந்து பசையாகும். சந்தனமும் குங்குமமும் பட்ட கையோடு வால்வைத் தொடக் கூடாது. வால்வை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, எண் பார்த்து அதனதன் அறையில் திருப்பிப் பூட்டிவிட்டு, ஒரு விரலால் மட்டும் அழுத்தி விடுங்கள். பட்டென்று மேலே வராத வால்வு 132-க்கு வராது. அந்த டிரம்பெட்காரரை அன்றைக்கு ஓட்டம் இல்லாத பார்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.