அல்லது அதற்கு இணையானது

மெயினை அணைத்துவிட்டு, சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஓர் ஒயரை இரண்டு அங்குலம் வெளியே இழுத்தேன். மேலுறையை உரித்ததும் செம்பு நிறத்தில் பளபளத்தது. பார்த்த மாத்திரத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பேனாக்கத்தி முனையால் ஓர் இழையை மெல்லச் சுரண்டினேன். செந்நிறத் துகள் விரலில் ஒட்டியது. அதற்கு அடியில் வெள்ளிபோல வெளுத்த உலோகம். செம்புப் போர்வைக்குள் அலுமினியம்.

வீட்டுக்கார அம்மாள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். கான்ட்ராக்டர் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. இருவரும் நேருக்கு நேர் பேசி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. நான் சுரண்டிய இழையை முதலில் அம்மாளிடம் காட்டினேன், பிறகு வாசலுக்குப் போய் அவரிடம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இழையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இது நான் வாங்கியது இல்லை சார்" என்றார். எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபோது நம்பலாம் போலத்தான் இருந்தது.

வீடு கட்டிக்கொள்பவருக்கும் கட்டிக்கொடுப்பவருக்கும் தகராறு முற்றிய பிறகு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பொறியாளராகப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. அதற்கு முன் பதினொரு ஆண்டுகள் கான்ட்ராக்டர்களிடம் சூப்பர்வைசராக இருந்தேன். ஆகவே இரண்டு பக்கத்துப் பொய்களும் எனக்குப் பழக்கம். நானே சொன்னவையும் அதில் உண்டு.

வீட்டுக்காரர்களின் முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றே: "லைசென்ஸ் வைத்திருக்கிறவர் என்று நம்பித்தானே கொடுத்தேன்." உரிமம் என்பது அவர் தேர்வு எழுதியிருக்கிறார், அனுபவம் காட்டியிருக்கிறார், சில இடங்களில் பிணைத்தொகை கட்டியிருக்கிறார் என்பதற்குச் சான்று. புகார் கொடுக்க ஒரு வாசல் இருக்கிறது என்பது அதன் பெரிய பயன். சுவருக்குள் எந்த ஒயர் ஓடுகிறது என்பதை அது சொல்லாது. கான்ட்ராக்டர்களின் முதல் வாக்கியமும் மாறுவதில்லை: "தரத்தில் ஒரு குறையும் இல்லை சார், அதற்கு இணையானதுதான்."

இந்த 'இணையானது' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தில் இன்ன நிறுவனத்தின் பொருள் என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே 'அல்லது அதற்கு இணையானது' என்று சேர்ப்பது வழக்கம். கடையில் சரக்கு இல்லையென்றால் வேலை நிற்கக்கூடாதே என்பதற்காக வைத்த ஜன்னல் அது. எது இணை, அதை யார் தீர்மானிப்பது, வாங்குவதற்கு முன்பா பின்பா என்று அந்த வரியில் எழுதியிருக்காது. ஜன்னல் வழியாக மூட்டையும் போகும், லாரியும் போகும்.

வெளித்தோற்றத்தில் இணையானவை ஏராளம். மாடிப்படிக் கைப்பிடிக்கு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருப்பார்கள். 202 வந்து நிற்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை, அசல்தான் என்று சில வீட்டுக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இரண்டிலுமே காந்தம் ஒட்டாது என்பதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கும். 202-இல் நிக்கல் குறைவு, மாங்கனீஸ் அதிகம். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் சீக்கிரமே பழுப்புப் புள்ளி விழும். தரை டைல்ஸ் இன்னும் எளிது. மீந்த துண்டைக் கவிழ்த்து, முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். போர்சலின் என்றால் அதன் நீர் உறிஞ்சும் அளவு எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் போகாது. சொட்டு அப்படியே குண்டாக உட்கார்ந்திருக்கும். சுவருக்கான சாதாரண செராமிக் என்றால் அது 10 விழுக்காட்டையும் தாண்டும். மணலில் விழுந்ததுபோல் காணாமல் போகும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் இதை அறிக்கையில் எழுத முடியாது. ஆனால் அந்தச் சொட்டு மறைகிற நேரத்தில் எதிரே நிற்பவர் பேச்சை நிறுத்திவிடுவார்.

உண்மையிலேயே இணையாக இருந்தால்? அதுதான் சிக்கலான கேள்வி. நூறு ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கில் ஒரு வழக்கு நடந்திருக்கிறது: ஜேக்கப் அண்ட் யங்ஸ் எதிர் கென்ட், 1921. சுமார் 77,000 டாலர் செலவில் கட்டிய வீடு. தண்ணீர்க் குழாய் 'ரெடிங்' தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். குடிபோன பிறகு, குழாயில் ஒரு பகுதி வேறு நிறுவனங்களுடையது என்று தெரியவந்தது. இரண்டுக்கும் வித்தியாசம், ஆறேழு அடிக்கு ஒருமுறை குத்தியிருந்த பெயர் மட்டுமே. சரக்கு வந்திறங்கியபோது பார்த்த கட்டடக் கலைஞரே கவனிக்கவில்லை. குழாய்களோ பெரும்பாலும் சுவருக்குள் போய்விட்டன. மாற்ற வேண்டுமென்றால் முடிந்த வீட்டின் பெரும்பகுதியை இடிக்க வேண்டும். வீட்டுக்காரர் மீதித் தொகையைக் கொடுக்க மறுத்தார். நீதிபதி கார்டோசோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கட்டியவர் பக்கம் நின்றது: இடித்துக் கட்டும் செலவு இழப்பீட்டுக்கு அளவுகோல் ஆகாது, வீட்டின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதே அளவுகோல், இங்கே அது ஏறக்குறைய ஒன்றுமில்லை. தவறு வேண்டுமென்றே நடக்கவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி. தெரிந்தே மீறியவருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. நால்வர் ஒரு பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். அந்த மூவரின் வாதம் எளிமையானது: அவர் கேட்டது ரெடிங் குழாய், ஏன் கேட்டார் என்பது அவர் பாடு.

இளம் வயதில் இந்த வழக்கைப் படித்திருந்தால் நால்வரோடுதான் சேர்ந்திருப்பேன். இப்போது மூவர் சொன்னதைத் தள்ள முடியவில்லை. அதற்குக் காரணம் ஒரு கூரைத் தளம்.

நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. வரைபடத்தில் 12 மி.மீ. கம்பி, 150 மி.மீ. இடைவெளி. மறுநாள் காலை கான்கிரீட். கலவை இயந்திரமும் ஆட்களும் சொல்லியாகிவிட்டது. மாலையில் பார்த்தால் 12 மி.மீ. கம்பி பாதித் தளத்துக்குத்தான் இருக்கிறது. 10 மி.மீ. ஒரு கட்டு சும்மா கிடந்தது. சிமெண்ட் பையைக் கிழித்து அதன் உட்புறத்தில் கணக்குப் போட்டேன். 12 மி.மீ. கம்பி 150-இல் ஒன்று என்றால் ஒரு மீட்டர் அகலத்துக்கு 754 சதுர மி.மீ. இரும்பு. 10 மி.மீ. கம்பியை 100-இல் ஒன்றாகக் கட்டினால் 785. குறைவதற்குப் பதில் கூடுகிறது! மேஸ்திரி அண்ணன் கேட்டார்: "தம்பி, வீட்டுக்காரப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா?" நான் சொன்னேன்: "எதற்கு அண்ணே, அவருக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது." வடிவமைத்த பொறியாளரையும் கேட்கவில்லை. விளக்கு வைத்து இரவோடு இரவாகக் கட்டி முடித்தோம்.

கான்கிரீட் போடுவதற்கு முன் வீட்டுக்காரரின் மைத்துனர் தளத்தில் ஏறி, டேப்பை வைத்து நாலைந்து படம் எடுத்துப் போயிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பெரியவர் வந்தார், படங்களோடு. நான் அந்தப் பைக் காகிதத்தை எடுத்து வந்து விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வேறொரு பொறியாளரிடம் காட்டி, தளம் உறுதியானதுதான் என்றும் தெரிந்துகொண்டார். பிறகு என்னிடம் சொன்னார்: "கணக்கு சரிதான் தம்பி. யாரைக் கேட்டுப் போட்டாய்? கண்ணுக்குத் தெரிகிற கம்பியையே சொல்லாமல் மாற்றியவன், மண்ணுக்குள் எதை மாற்றினாயோ?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அஸ்திவாரத்தை இரண்டு இடத்தில் தோண்டிக் காட்டச் சொன்னார். எங்கள் செலவில் தோண்டினோம். எல்லாம் வரைபடத்தில் இருந்தபடியே இருந்தது. அவர் குனிந்து பார்த்து, அளந்து, தலையசைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு மூட்டையையும் புரட்டிப் பார்த்தார். அன்று எனக்கு அவர்மீது கோபம்தான் வந்தது. படிப்பு இல்லாதவருக்கு இவ்வளவு சந்தேகமா என்று நண்பர்களிடம் பேசிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது கூசுகிறது.

கலிஃபோர்னியாவில் கான்ட்ராக்டர் உரிமச் சட்டத்தின் 7109-ஆம் பிரிவு, வரைபடத்திலிருந்தும் பொருள் விவரக் குறிப்பிலிருந்தும் முக்கியமான விஷயத்தில் வேண்டுமென்றே விலகுவதை ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றமாகச் சொல்கிறது. அதில் ஒரு சிறு நிபந்தனை உண்டு: வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல். அதைப் படித்தபோது பெரியவரின் குரல் காதில் கேட்டது.

வீட்டுக்காரர்களையும் ஒன்று சொல்ல வேண்டும். பொருள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் மொத்தப் பாக்கியையும் நிறுத்திவிடுகிறார்கள். கைப்பிடியில் குறை என்றால் கூரைக்கான பணத்தையும் பிடிப்பது எதிராளிக்கு வழக்குப் போட வாய்ப்புக் கொடுப்பதாகும். குறைக்கு ஏற்ற தொகையை மட்டும் நிறுத்தி, ஏன் நிறுத்துகிறேன் என்று அன்றே எழுத்தில் கொடுத்துவிட்டால் என்னைப் போன்றவனின் வேலை பாதி முடிந்துவிடும். பெட்டி, உறை, லேபிள் எதையும் குப்பையில் போடக்கூடாது. ஒரு நிறுவனத்தின் பொருள்தான் வேண்டும் என்பதில் மனம் உறுதியாக இருந்தால், 'இணையானது' என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பலருக்கு அப்போது வெட்கமாக இருக்கிறது. நல்ல மனிதராயிற்றே, சந்தேகப்படுவதாக நினைத்துவிடுவாரோ என்று.

அந்த ஒயர் விஷயத்தில் நடந்தது என்னவென்றால், முதல் சில சுருள்கள் செம்புதான். பிறகு மின்வேலையை உள்குத்தகைக்கு எடுத்தவர், உறையில் அதே அளவு அச்சிட்ட வேறு சரக்கைக் கொண்டுவந்துவிட்டார். செம்பின் அடர்த்தி 8.96, அலுமினியத்தினது 2.7, தூக்கிய கைக்கே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே செய்தார் என்பதுதான் என் ஊகம். அறிக்கையில் ஊகத்துக்கு இடமில்லை. மின்சாரம் கடத்துவதில் அலுமினியம் செம்பில் சுமார் 60 விழுக்காடுதான். செம்புக்கென்று கணக்கிட்ட தடிமனில் இதைப் போட்டால் ஒயர் சூடாகும். திருகு இறுக்கிய இடம் நாளடைவில் தளரும். இங்கே மதிப்புக் குறைவு, இடிக்கும் செலவு என்ற வாதத்துக்கே இடமில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். வாங்கியவர் யாராக இருந்தாலும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு என்று எழுதினேன். கான்ட்ராக்டர் வாதாடவில்லை.

மாற்றிய நாளில் போயிருந்தேன். ஒயர்கள் குழாய்க்குள் இருந்ததால் சுவரை உடைக்க வேண்டியிருக்கவில்லை. பழைய ஒயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மாள் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதுச் சுருள் ஒவ்வொன்றையும் பிரித்ததும் அதன் நுனியைக் கான்ட்ராக்டரே உரித்து, ஒரு சிறு கத்தியோடு சேர்த்து அவரிடம் நீட்டினார். அம்மாள் சுரண்டினார். உள்ளேயும் சிவப்பு. இன்னும் கொஞ்சம் ஆழமாகச் சுரண்டினார். ஏணியில் நின்றவன் கயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தான். "சரி, இழுக்கச் சொல்லுங்கள்" என்றார்.