ஆறாவது இதழ்

எங்கள் வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில், ஒரு எஞ்சின் அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அது என்ன கதை என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

ஊர் தூத்துக்குடி, திரேஸ்புரம். அப்பாவுக்கு ஒரு மர வள்ளம் இருக்கிறது, செவுள் வலைத் தொழில். வள்ளத்துக்குள்ளே இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், 14 குதிரைத்திறன். கடல் தண்ணீரையே பம்ப் இழுத்து, எஞ்சினுக்குள் சுற்றவிட்டு, புகைக்குழாய் வழியாக வெளியே துப்புகிற பழைய ஏற்பாடு. நான் மெக்கானிக்கல் படித்தவன், கோயம்புத்தூரில் வேலை. எஞ்சின் வேலை இல்லை, கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலை. ஆனால் தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்த பலருக்கும் லேபில் நின்ற கிர்லோஸ்கர் டிவி1 எஞ்சின் நினைவிருக்கும். 87.5 மி.மீ. போர் (சிலிண்டரின் குறுக்களவு), 110 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), கம்ப்ரஷன் ரேஷியோ 17.5. அதில் ரீடிங் எடுத்து கிராஃப் போட்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அதன் ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, கழற்றிப் பார்த்ததில்லை. எங்கள் வள்ளத்தில் இருந்ததும் அதே போர், அதே ஸ்ட்ரோக், சிலிண்டர் மட்டும் ஒன்று கூடுதல். அதையாவது திறந்து பார்த்திருக்கிறேனா என்றால் அதுவும் இல்லை.

எஞ்சினைக் கெடுத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாசி மாதம் லீவில் வந்திருந்தேன். வான் தீவுக்குக் கிழக்கே வலையை இழுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அப்பா அணியத்துப் பக்கம், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், உட்கார்ந்து வலையிலிருந்து மீனைக் கழித்துக்கொண்டிருந்தார், சுக்கான் என் கையில், ஒரு காதில் இயர்போன். திடீரென்று அப்பா தலையைத் தூக்கி, "எலே, சத்தம் மாறிட்டு, நிறுத்து!" என்றார். எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. இப்போது தெரியும். தண்ணீர் வருகிறவரை புகைக்குழாய் சளி பிடித்தவன் மாதிரி ஈரமாக இருமும், தண்ணீர் நின்றால் காய்ந்த தொண்டையில் கத்தும். நான் இயர்போனைக் கழற்றி, எட்டிப் பார்த்து, 'ஆமாம், தண்ணீர் வரவில்லையே' என்று யோசிப்பதற்குள் வெள்ளைப் புகை கிளம்பி, யாரோ உள்ளே பிடித்து அமுக்கியதுபோல எஞ்சின் தானாகவே இறங்கி நின்றுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கரையில் பார்த்தால், தண்ணீர் இழுக்கிற வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டிருந்தது. பம்புக்குள் இருக்கும் இம்பெல்லர் ரப்பரால் ஆனது, பூ மாதிரி ஆறு இதழ். அது தண்ணீரில் வழுக்கிக்கொண்டு சுற்றவேண்டியது, தண்ணீர் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றினாலே சூடேறிப் பிய்ந்துவிடும். எங்களுடையதில் ஆறு இதழும் போய் நடுக்குமிழ் மட்டும் மிச்சம். பம்புக்குள் மூன்று இதழ் கிடைத்தன. பம்பிலிருந்து ஆயில் கூலருக்கு (கடல் தண்ணீரை வைத்து எஞ்சின் ஆயிலைக் குளிர்விக்கிற பெட்டி) போகும் ஹோஸின் வளைவில் இன்னும் இரண்டு. ஆறாவது கிடைக்கவில்லை. துகளாகி வெளியே போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் குச்சியை இழுத்தால் பால் அதிகம் விட்ட காபி. ஆயிலில் தண்ணீர் கலந்தால் இந்த நிறம்தான் வரும். ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் எரிந்து, உப்புத் தண்ணீர் இரண்டாவது சிலிண்டருக்குள்ளும், அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பிலும் இறங்கியிருக்கிறது. இந்த நிலைமையில் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணித்தான் பார்ப்போமே என்று தோன்றும், பண்ணக்கூடாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நாங்கள் அன்று ராத்திரியே சிலிண்டருக்குள் டீசல் தெளிக்கிற இரண்டு நாசிலையும் கழற்றிவிட்டு, ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றினோம். நாசில் ஓட்டை வழியாக உப்புத் தண்ணீர் அப்பாவின் சட்டையெல்லாம் பீய்ச்சியடித்தது. அப்புறம் டீசலும் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றிவைத்தோம். உப்பும் காற்றும் சேர்ந்து இரும்பைத் தொட்டால் காலையிலேயே துரு பிடித்துவிடும், எங்கள் ஊரில் வீட்டு ஜன்னல் கம்பிக்கே அந்தக் கதிதான்.

சரி, மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றால் ஒருவருக்கும் நேரம் இல்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையேறி மராமத்து பார்க்கும் காலம் அது. கை நல்ல மெக்கானிக்குகள் அத்தனை பேரையும் பெரிய படகுக்காரர்கள் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார்கள். ஆனால் எங்களைப் போன்ற நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, சந்தையில் மீன் குறைகிற அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு நல்ல விலை. அதைக் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. அதனால் ஒரு பழைய எஞ்சின் கடையில் கைமாறி வந்த வேறொரு எஞ்சினை வாங்கி உள்ளே இறக்கினோம். எங்கள் எஞ்சின் மரத்தடிக்கு வந்தது, நான் மேனேஜரிடம் பேசி வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கினேன்.

மாற்று எஞ்சினை இறக்கியது தனிக் கூத்து. அதன் கால்கள் எங்கள் பெட் கட்டையோடு பொருந்தவில்லை, தச்சரைக் கூப்பிட்டுக் கட்டை வைத்து உயர்த்தினோம். எஞ்சினையும் புரொப்பல்லர் ஷாஃப்டையும் இணைக்கும் கப்ளிங்கின் ஓட்டைகள் பொருந்தவில்லை, லேத்தில் கொடுத்துப் புதிதாகக் கடைந்தோம். எல்லாம் முடிந்து கடலில் விட்டால் கரும்புகை. ஆக்சிலரேட்டரை முழுக்கத் தள்ளினாலும் எஞ்சின் தகட்டில் போட்டிருக்கிற ஆர்.பி.எம்.மை அது தொடவே இல்லை. தூக்க முடியாத சுமையைத் தலையில் ஏற்றினால் ஆள் மூச்சு வாங்குவதுபோல, புரொப்பல்லர் அந்த எஞ்சினுக்குப் பெரிது. அதையும் மாற்றிய பிறகு புகை அடங்கியது. ஆனாலும் எப்போதும் சூடாகவே ஓடியது. நான் புதிதாக ஒரு டெம்பரேச்சர் கேஜ் வாங்கி மாட்டியிருந்தேன், அது 80 டிகிரியைத் தொட்டுத் தொட்டு வந்தது. கடல் தண்ணீர் நேரடியாகச் சுற்றும் எஞ்சினில் 60-க்குள் இருந்தால்தான் நல்லது. அப்பா மூன்று மாதமும் பாதி வேகத்திலேயே ஓட்டினார். ஓட்டிய நேரமெல்லாம் கடைக்காரரைத் திட்டினார். ஒருநாள் நேரில் போயும் சண்டை போட்டுவிட்டு வந்தார்.

மரத்தடிக்கு வருவோம். கிளையில் செயின் பிளாக் கட்டி, எஞ்சினைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய இட்லித் தட்டிலும் ஐஸ்கிரீம் டப்பாவிலும் போல்ட்டுகளைப் பிரித்துப் போட்டேன். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்தேன். படிப்பு எனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான பழக்கம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஹெட்டைத் தூக்கினால் தண்ணீர் ஓடும் வழியெல்லாம் பாதி அடைத்துக் கிடக்கிறது. விரல் நுழையவேண்டிய இடத்தில் பென்சில் நுழைகிறது. உப்பளத்தில் வேலை பார்த்த மாமா ஒருவர் வந்து, அந்தப் படிவை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இது சோத்துப்பு இல்ல, சுண்ணாம்பும் ஜிப்சமும்லா" என்றார். பாத்தியில் கடல் தண்ணீர் வற்ற வற்ற முதலில் இறங்குவது அவைதானாம், உப்பு அதற்கு அப்புறம்தான். எஞ்சினுக்குள் தண்ணீர் வற்ற வேண்டியதில்லை, ரொம்பச் சூடானாலே போதும். 60 என்று நான் சொன்னதன் அர்த்தம் அதுதான். நாங்கள் பல வருடமாக வள்ளத்துக்குள்ளே ஒரு சின்ன உப்பளம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். ஆசிட்டைத் தண்ணீரில் நன்றாகக் கலந்து (தண்ணீரில் ஆசிட், ஆசிட்டில் தண்ணீர் இல்லை), திறந்த வெளியில், நுரை அடங்கும் வரை மட்டும் வைத்து, சோடா உப்புக் கரைசலில் கழுவி எடுத்தேன். அதிக நேரம் விட்டால் ஆசிட் இரும்பையே தின்றுவிடும்.

இரண்டாவது சிலிண்டரில் பிஸ்டன் நீளவாக்கில் கீறிக் கிடந்தது. பிஸ்டன் ஓடும் உள் உறையான லைனர் இரண்டும் புதிது போட்டோம். கிராங்கில் உப்புத் தண்ணீர் பட்ட இடமெல்லாம் ஊசியால் குத்தியதுபோலச் சின்னச் சின்னக் குழி, அதை 0.25 மி.மீ. குறைத்துக் கிரைண்டிங் பண்ணி, அதற்கேற்ற பேரிங் வாங்கினேன். கிராங்க், நாசில், டீசல் பம்ப் மூன்றும் வெளியே கொடுத்தது. மற்றதெல்லாம் மரத்தடி வேலை. அதில் பாதி சுத்தம் செய்வது, மீதியில் பாதி அளப்பது, முறுக்குவது கொஞ்சம்தான்.

பிஸ்டனைச் சுற்றி மாட்டுகிற ரிங்கைப் பற்றி மட்டும் நிறுத்திச் சொல்கிறேன். கடையில் வாங்கிய ரிங்கை அப்படியே பிஸ்டனில் மாட்டக்கூடாது. அதைத் தனியாக லைனருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, இரண்டு முனைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (அளவு போட்ட மெல்லிய தகடுகள்) அளக்கவேண்டும். எங்கள் போருக்கு 0.3 மி.மீ. இருந்தால் சரி. ஒரு ரிங்கில் 0.15 தகடே நுழையவில்லை. சூட்டில் ரிங் நீளும், நீள இடம் இல்லாவிட்டால் முனையும் முனையும் முட்டி லைனரைக் கிழிக்கும். அரம் வைத்து மூன்று தேய், ஒரு அளவு, மறுபடி மூன்று தேய். ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ஒரு ரிங்குக்கே போனது. அப்பா கட்டிலில் படுத்தபடி, "இத்தன வருஷம் அளந்தா ஓட்டுனோம்?" என்றார். ஓட்டினீர்கள்தான்.

அசெம்பிளி தொடங்கும்போது ஆடிக்காற்று வந்துவிட்டது. தூத்துக்குடி காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், சோற்றில் மணல் விழும். புதிதாக ஆயில் தடவிய பேரிங்கில் விழுந்தால் முடிந்தது கதை. அம்மா தன் சேலை நான்கைக் கொடுத்தார், கூடாரம் மாதிரி கட்டி, காற்று அடங்குகிற விடியற்காலையில் மட்டும் வேலை. இவ்வளவுதான் என்று அளந்து முறுக்குகிற டார்க் ரெஞ்சைக் கல்லூரி நண்பன் ஒருவன் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். ஹெட் போல்ட்டை ஒரே மூச்சில் முறுக்காமல் மூன்று தவணையாக முறுக்கினேன்.

முதல் ஸ்டார்ட் முற்றத்திலேயே. நீலப் பீப்பாயில் நல்ல தண்ணீர், அதில் பம்ப் ஹோஸ். சிலிண்டரில் காற்று அமுங்காமல் விடுகிற டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு, ஆயில் பிரஷர் முள் அசைகிறவரை கையாலேயே சுற்றினோம். அப்புறம் டீசல் லைனில் இருந்த காற்றை வெளியேற்றினோம். லீவரைப் போட்டதும் ஒரு இருமல், ஒரு நிறுத்தம், இன்னொரு இருமல், தெரு முழுக்க வெள்ளைப் புகை. பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டு ஆச்சி துணியெல்லாம் நாறுகிறது என்று கத்தினார்.

ஆகஸ்டில் வள்ளத்தில் இறக்கினோம். ஒரு விஷயம்: ஷாஃப்டையும் எஞ்சினையும் நேர் பார்ப்பதைக் கரையில் முடித்துவிடக்கூடாது. மர வள்ளம் கரையில் ஒரு உருவம், தண்ணீரில் இறங்கினால் இன்னொரு உருவம். மிதக்கவிட்டு ஒருநாள் விட்டு, கப்ளிங் முகம் இரண்டுக்கும் நடுவில் மேல், கீழ், இடம், வலம் என்று ஃபீலர் கேஜ் விட்டு, நான்கும் 0.1 மி.மீ.க்குள் வருகிறவரை காலடியில் தகடு வைத்தோம். ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீரைத் தடுக்கிற கிளாண்ட் பேக்கிங் புதிது. ஓடும்போது அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம், சொட்டே இல்லாமல் இறுக்கினால்தான் ஷாஃப்ட் தேயும்.

கடலுக்குப் போனோம். அரைமணி நேரம் சொர்க்கம். அப்புறம் கேஜ் முள் 65, 70, 75. புது லைனர், சுத்தமான ஹெட், புது பம்ப். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பா எஞ்சினை நிறுத்திவிட்டு, காதைச் சொறிந்தபடி ஒரு கேள்விதான் கேட்டார்: "ரெண்டு எஞ்சின்லயும் மாத்தாதது எதுலே?"

ஆயில் கூலர். பழைய எஞ்சினிலிருந்து கழற்றி மாற்று எஞ்சினில் மாட்டியது, மறுபடி கழற்றி இதில் மாட்டியது. முதலில் கழற்றியபோது வெளியே போகும் வாயில் வாயை வைத்து ஊதிப் பார்த்தேன், காற்று தாராளமாகப் போனது, சரி என்று விட்டுவிட்டேன். கரைக்கு வந்து மூடியைத் திறந்தால், தண்ணீர் நுழைகிற பக்கம், உள்ளே இருக்கும் சின்னக் குழாய்களின் முகத்தின் மேல் கறுப்பாக ஆறாவது இதழ் படுத்திருக்கிறது. தண்ணீர் வந்தால் அழுந்திப் பாதிக் குழாய்களை மூடும், எதிர்ப்பக்கம் ஊதினால் எழுந்து வழிவிடும். கச்சிதமான வால்வு. கட்டைவிரல் நகம் அளவு இருக்கும்.

எடுத்துவிட்டு ஓட்டினோம், 55-ஐத் தாண்டவில்லை.

மாற்று எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்று அப்போதுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அதை விற்றுவிடலாம் என்று பேசி வைத்திருந்தோம். அப்பா, வேண்டாம், மரத்தடியில் கிடக்கட்டும், சேலையைப் போர்த்திவிடு என்றார். மறுநாள் கடலில் கிடைத்த நல்ல சீலா மீன் ஒன்றை ஏலத்துக்குப் போடாமல் தனியாக எடுத்து வைத்தார், சட்டையை மாற்றிக்கொண்டு, அதைச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்து, பழைய எஞ்சின் கடைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.