ரெகோட்சியின் வெள்ளி

பனிக்கட்டி நடனம் பார்க்க உட்காரும்போதெல்லாம் என் கண் முகத்துக்குப் போவதில்லை, காலுக்குத்தான் போகும். பூட்ஸின் அடியில் இருக்கும் அந்தக் கத்தி போன்ற தகடு எந்த ஓரத்தில் சாய்கிறது, முழங்கால் எவ்வளவு மடிகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. ஜோடி ஸ்கேட்டிங்கில் வருவதுபோலத் துணையைத் தூக்கி வீசும் வித்தைகள் இதில் கிடையாது. இருவரும் ஒட்டியே ஓட வேண்டும்.

ஹங்கேரியின் கிறிஸ்டினா ரெகோட்சியும் அந்திராஷ் ஷல்லாயும் என் மனதுக்கு மிகப் பிடித்த ஜோடி. இந்த நடனம் ஒலிம்பிக்கில் முதன்முறை இடம்பெற்ற 1976இல் ஐந்தாம் இடம். 1980இல் அமெரிக்காவின் லேக் பிளாசிட்டில் நடந்த ஒலிம்பிக்கில் சோவியத் ஜோடியான லினிச்சுக், கார்போனோசோவுக்கு அடுத்து வெள்ளி. அடுத்த மாதமே டோர்ட்மண்ட் உலகப் போட்டியில் அதே ஜோடியை வென்று தங்கம்! 1970 முதல் 1979 வரை அந்தப் பட்டம் சோவியத் ஒன்றியத்தை விட்டு வெளியே போனதே இல்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது.

அவர்களின் பயிற்சியாளர் பிரிட்டனின் பெட்டி காலவே. 1984இல் சரயேவோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டிஷ் ஜோடியான டார்வில், டீனையும் வழிநடத்தியவர் அவரே. ரெகோட்சியும் பின்னர் பயிற்சியாளராகிவிட்டார். பதக்கங்களைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒற்றை வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம். உச்சத்தில் நின்றவர் களத்தின் ஓரத்தில் நின்று ஒரு சிறுமியின் முழங்காலைத் திருத்துவது சின்ன வேலையா?

லேக் பிளாசிட் வெள்ளிக்குப் பிறகு குளிர்கால ஒலிம்பிக்கில் ஹங்கேரி அடுத்த பதக்கத்தைப் பார்த்தது 2018இல்தான்.