உப்புத் தரவையில் ஒரு முட்டையைக் காப்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் களப்பில் கலந்து அடங்கிவிடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழையின் பெரும்பகுதி கொட்டித் தீர்ந்த பின், சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில், தரவைகள் எனப்படும் உவர்ந்த வெறுவெளிகள் வெடித்து, உப்புப் பூத்துக் கிடக்கின்றன. இங்கே முட்டையிட்டுக் குஞ்சு வளர்க்க வேண்டிய உயிர்களைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு, உடல் என்பது ஒரு தடவை உருவாகி அப்படியே நிலைத்திருப்பது என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் போயிற்று. இனப்பெருக்கம் கேட்கும்போதெல்லாம் அந்த உடல்கள் தம்மையே மாற்றிக்கொள்கின்றன. அதற்கான செலவும் அந்த உடலிலிருந்தே எடுக்கப்படுகிறது.

முதலில் வீட்டுக்குள் இருக்கும் தேரையைச் சொல்ல வேண்டும். கோடைப் பகலில் குளியலறை மூலையிலோ கிணற்றடிச் சுவரிலோ கால்களை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் ஒட்டியிருக்கும் இந்த மரத்தவளைக்கு, ஈரத்தை எளிதில் இழந்துவிடும் தோலே பெரிய ஆபத்து. தன் தோலில் சுரக்கும் சளியையும் கொழுப்பையும் அது கால்களால் உடல் முழுவதும் துடைத்துப் பரப்பிக்கொள்கிறது; அந்தப் பூச்சு நீர் இழப்பைக் குறைக்கிறது. மழை பிடித்ததும் அதே உடல் வேறொரு பொருளைச் சுரக்கிறது. அதைக் கால்களால் அடித்து நுரையாக்கி, நீருக்கு மேலே இலையிலோ தொட்டிச் சுவரிலோ ஒட்டவைத்து, முட்டைகளை அதற்குள் இடுகிறது. நுரையின் வெளிப்புறம் காய்ந்தாலும் உட்புறம் ஈரமாகவே இருப்பதால், அடுத்த மழை சில நாட்கள் பிந்தினாலும் முட்டைகள் கருகுவதில்லை. நீரில் உள்ள மீன்களுக்கும் அவை எட்டுவதில்லை. வாற்பேய்கள் வெளிவரும் அளவுக்கு வளர்ந்ததும் நுரை இளகி, அவை கீழே நீரில் விழுகின்றன.

பறவைகள் பருவத்தை எப்படி அறிகின்றன என்பது இன்னும் ஆழமான விடயம். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் விந்தை உருவாக்கும் ஆண் பறவையின் விதைகள் மிகச் சிறிதாகச் சுருங்கி, அடுத்த பருவத்தில் பல பறவையினங்களில் நூற்றுக்கணக்கான மடங்கு பருக்கின்றன. பறக்கும் உடலுக்குத் தேவையற்ற எடை ஒரு பாரம் என்பதால், தேவைப்படாத காலத்தில் அதைச் சுமப்பதில்லை. குளிர்நாடுகளில் பகலின் நீளம் இந்த மாற்றத்தைத் தொடக்கி வைக்கிறது. நமது அகலாங்கிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்தை ஒட்டியதுதான். இவ்வளவு சிறிய வேறுபாடு பறவைக்குப் புலப்படாது என்றே நீண்ட காலம் கருதப்பட்டது. ஆனால் ஏறக்குறைய நமது அகலாங்கிலேயே உள்ள பனாமாவின் காட்டுப் பறவை ஒன்று, பகல் வெறும் 17 நிமிடங்கள் நீண்டதற்கே விதைகளைப் பெருக்கத் தொடங்கியதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. நாம் உணராத கால் மணி நேர வெளிச்சத்தை ஒரு சிறிய பறவையின் மூளை அளந்து வைத்திருக்கிறது என்பதை எத்தனை தடவை எண்ணினாலும் எனக்கு வியப்புக் குறைவதில்லை.

தொண்டமானாற்றுக் களப்பிலும் சுண்டிக்குளத்திலும் பூநாரைக் கூட்டங்களைப் பார்த்தவர்கள் அவற்றின் நிறத்தையே முதலில் பேசுவார்கள். அந்த நிறம் அவை உண்ணும் சிறு இறால் வகைகளிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினொயிட்டு நிறப்பொருட்களிலிருந்து வருகிறது. துணைக்கண்டத்தில் அவை பெருங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் நிலம் குஜராத்தின் கச் உவர்நிலம். துணை தேடும் காலத்தில், வாலடிச் சுரப்பியிலிருந்து வரும் நிறமுள்ள எண்ணெயை இறகுகளில் பூசி, அவை தம்மை மேலும் சிவப்பாக்கிக்கொள்கின்றன. பின்னர் சேற்றைக் குவித்த மேட்டில் ஒரே ஒரு முட்டை. குஞ்சு பிறக்கும்போது அதன் அலகு நேராக இருக்கும்; தலைகீழாக நீரை வடித்து இரை எடுக்கும் வளைந்த அலகு உருவாகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை தாயும் தந்தையும் தம் உணவுப் பாதையின் மேற்பகுதியில் சுரக்கும் பாலைக் குஞ்சின் வாயில் ஊட்டுகின்றன. கொழுப்பும் புரதமும் செறிந்த அந்தப் பால் சிவப்பாக இருப்பது, பெற்றோரின் நிறப்பொருள் அதில் கலப்பதனால்தான். குஞ்சு வளர வளரப் பெற்றோர் வெளிறிப்போகின்றன. பாலைச் சுரக்கச் செய்யும் புரோலக்ரின் என்ற ஓமோன், மனிதத் தாயின் பாலுக்கும் காரணமான அதே ஓமோன். இதைக் காணக் கச் வரை போக முடியாதவர்கள் கோயில் கோபுரத்துப் புறாவைப் பார்க்கலாம். அங்கும் ஆண், பெண் இரண்டும் தொண்டைப்பையில் பால் சுரந்தே குஞ்சுகளின் முதல் நாட்களை ஓட்டுகின்றன. பால் தாய்க்கு மட்டுமே உரியது என்று எண்ணிப் பழகிய நாம் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விரிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாரியில் வந்து பங்குனி, சித்திரையில் சைபீரியா நோக்கித் திரும்பும் உள்ளான் என்னும் கரைப்பறவைகளின் கதை தனியே எழுதத் தக்கது; புறப்படுமுன் அவற்றுள் சிலவற்றின் மார்பு செங்கல் நிறமாவதையும், கொழுப்பேறி உடல் பருப்பதையும் இங்கேயே காணலாம். போகாமல் இங்கேயே தங்குபவற்றுள் ஒன்று இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழும் சிறிய உப்புக்கொத்தி. வடக்கே குஞ்சு பொரிக்கும் அதன் உறவினங்களைவிட இதற்குச் சிறகு குட்டை; நெடுந்தூரம் பறக்கும் தேவை இதற்கு இல்லை. 2023இல் இது தனி இனம் என ஏற்கப்பட்டு, ஆங்கிலத்தில் அனுமானின் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஆள்காட்டியை நாம் எல்லோரும் அறிவோம். கோடையில், நிழலே இல்லாத வெறுந்தரையில் அது முட்டையிடுகிறது. கருவுக்கு ஏற்ற வெப்பநிலை 37 பாகை செல்சியசை அண்டியது. 40ஐத் தாண்டி நீடித்தால் கரு இறந்துவிடும். ஆகவே நண்பகலில் அது முட்டைக்குச் சூடு தருவதற்காக அமர்வதில்லை, நிழல் தருவதற்காகவே நிற்கிறது. வெயில் மிகும்போது ஆணும் பெண்ணும் மாறி மாறி நீர்நிலைக்குப் பறந்து, வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விக்கின்றன. பவளக்கால் உள்ளானும் இதையே செய்கிறது. நீர் அருகில் இருந்தால்தான் இது நடக்கும். தரவையோரத்துச் சிறு குட்டை ஒன்றைக் கட்டிட இடிபாடுகளால் நிரப்பும்போது, அதன் அருகில் உள்ள கூடுகளுக்கும் நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

எனவே கோடை நண்பகலில் தரவையில் ஆள்காட்டி தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், முட்டை எங்கே என்று தேடவோ கைத்தொலைபேசியில் படம் பிடிக்கவோ அங்கே நிற்காதீர்கள். நாம் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் முட்டை நிழலின்றி வேகிறது. முட்டைகள் மண்ணின் நிறத்திலேயே இருப்பதால் கால் பட்டு நசுங்கவும் கூடும். கூட வந்த நாயையும் பிடித்துக்கொண்டு, வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.