கார்ட்டியேயின் பழைய வைர நகைகள்: சேகரிப்பு இதுவரை

என் சேகரிப்பில் இருப்பவை எல்லாமே சின்ன நகைகள்தான். உடையில் ஊசியால் குத்தும் ஒரு பட்டை ப்ரோச், ஒரு மோதிரம், உடையின் கழுத்தோரம் செருகும் ஒரு ஜோடி கிளிப். மூன்றும் பிளாட்டினத்தில் வைரம் பதித்தவை. மூன்றும் கார்ட்டியே நிறுவனம் 1940-க்கு முன் செய்தவை. இந்த எல்லையை ஆரம்பத்திலேயே போட்டுக்கொண்டேன். பெயர்பெற்ற நகை நிறுவனங்கள் பல உண்டு, எல்லாவற்றிலும் ஆசை வரும். ஆனால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று சேர்த்தால் கண் பழகாது. ஒரே பெயர், ஒரே காலம், ஒரே உலோகம் என்று வைத்துக்கொண்டால் முதல் நகையில் பார்த்தது இரண்டாவதை வாங்கும்போது கைகொடுக்கிறது.

ஏன் கார்ட்டியே? ஹாரி வின்ஸ்டன் நிறுவனத்தின் நகைகளைப் பார்த்தால் உலோகமே கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய பிளாட்டினக் கம்பிகளில் கற்களைப் பல கோணங்களில் நிறுத்தியிருப்பார்கள். கல்தான் அங்கே எல்லாம். அது பெரிய சாதனை. எனக்குப் பிடித்தது உலோக வேலையும் கல்லும் சேர்ந்து பேசுகிற நகை. கார்ட்டியே 1847-ல் பாரிஸில் தொடங்கியது என்றாலும், நான் தேடுவது நிறுவனரின் பேரன் லூயி கார்ட்டியே தலையெடுத்த பிறகு வந்தவற்றை. அதற்கு முன் வைரத்தைப் பெரும்பாலும் வெள்ளியில் பதித்து, பின்னால் தங்கம் கொடுப்பார்கள். வெள்ளி மென்மையானது, கல்லைப் பிடிக்கக் கனமாக வைக்க வேண்டும், அப்புறம் கறுத்தும் போகும். பிளாட்டினம் கறுக்காது, நூல் மாதிரி இழைத்தாலும் கல்லை விடாது. ஆனால் வெள்ளி 962 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் வேலை செய்யப் பட்டறைகள் பழகிய பிறகுதான் மாலை, ரிப்பன், இலைக்கொடி என்று சரிகை போன்ற வைர நகைகள் சாத்தியமாயின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த பாணியில் கார்ட்டியே முன்னால் நின்றது.

வாங்குவதற்கு முன் ரொம்ப நாள் வெறுமனே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அருங்காட்சியகத்தில் முன்பக்கம் மட்டும்தான் தெரியும். ஏலத்துக்கு முன் நகைகளைக் காட்சிக்கு வைப்பார்களே, அங்கேதான் உண்மையான படிப்பு. கேட்டால் கையில் கொடுப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்க்கலாம். வாங்கும் எண்ணம் இல்லாதவர்களும் போய்ப் பார்க்கலாம், பார்க்க வேண்டும்.

முதலில் நகையைத் திருப்புங்கள். நல்ல காலத்துக் கார்ட்டியே நகையின் பின்பக்கம் முன்பக்கத்துக்குச் சளைத்ததல்ல. ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஒளி புகத் துளை விட்டிருப்பார்கள். அந்தத் துளையின் உட்சுவரைக்கூட வழுவழுப்பாகத் தேய்த்திருப்பார்கள். உடையோடு ஒட்டிக் கிடக்கும் பக்கம், யாரும் பார்க்கப்போவதில்லை. அதற்கு இவ்வளவு உழைப்பா என்று முதல் தடவை பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. பழுது பார்த்த நகையும் பின்பக்கத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிளாட்டினத்தை ஒட்டப் பிளாட்டினப் பொடிவைப்புதான் சரி. அவசரத்துக்கு யாரோ ஈயம் வைத்து ஒட்டியிருந்தால் சாம்பல் நிறத்தில் திட்டாகத் தெரியும். அப்படி ஒன்றைக் கண்டால் நான் நகையைக் கீழே வைத்துவிடுவேன், முன்னால் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

பின்பக்கத்துக்கு அப்புறம் நடுக்கல்லுக்குப் போகாமல் பொடிக்கற்களுக்குப் போகிறேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்துப் பழகியது. அந்தக் காலத்துப் பொடி வைரங்கள் பல சிங்கிள் கட் வகை: பதினேழு அல்லது பதினெட்டு பட்டைகள்தான். இன்றைய பிரில்லியன்ட் கட்டில், கல் எவ்வளவு பொடியாக இருந்தாலும், 57 அல்லது 58 பட்டைகள். வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரியும். சிங்கிள் கட் நிதானமாக, அகலமாக மின்னும். புதுக் கல் ஊசிமுனை ஊசிமுனையாகச் சிமிட்டும். ப்ரோச்சை மெதுவாக அசைத்தால், வரிசை முழுதும் ஒரே தாளத்தில் போய்க்கொண்டிருக்க, ஒரே ஒரு கல் மட்டும் படபடக்கும். அது பின்னாளில் மாற்றி வைத்த கல். ஒன்றிரண்டு மாறியிருந்தால் பரவாயில்லை, நூறாண்டு நெருங்கிய நகையில் கல் விழத்தான் செய்யும். பாதிக்குமேல் மாறியிருந்தால் அந்த நகையின் ஒளியே வேறாகிவிடுகிறது.

விளிம்பையும் விடாமல் பார்க்க வேண்டும். கல் வரிசையின் இரு ஓரங்களிலும் தினை கோத்தது போல மிகச் சிறிய உலோக மணிகள் ஓடும், மில்கிரெயின் என்பார்கள். திரும்பத் திரும்ப மெருகு போட்ட நகையில் அந்த மணிகள் மழுங்கி வெறும் கோடாகிவிடும். பளபளவென்று புதிது போல இருக்கும் பழைய நகையைக் கண்டால் எனக்கு முதலில் வருவது இந்தச் சந்தேகம்தான்.

முத்திரைகளில் புதியவர்களுக்குக் குழப்பம் அதிகம். பாரிஸில் செய்ததில் பட்டறையின் அடையாளம் சாய்சதுரக் கட்டத்துக்குள் இருக்கும். பிரெஞ்சு அரசு முத்திரையாக 18 கேரட் தங்கத்துக்குக் கழுகுத் தலை. பிளாட்டினத்துக்கு 1912 முதல் நாய்த் தலை. ப்ரோச்சில் ஊசி தங்கமாகவும் உடல் பிளாட்டினமாகவும் இருந்தால் இரண்டையும் தேடலாம். ஆனால் மூன்று சகோதரர்கள் மூன்று ஊர்களைப் பார்த்துக்கொண்டார்கள்: லூயி பாரிஸ், ஜாக் லண்டன், பியர் நியூயார்க். லண்டன் நகையில் நாய்த் தலையைத் தேடிப் பயனில்லை. பிரிட்டனில் பிளாட்டினத்துக்கு அரசு முத்திரை வந்ததே 1975-ல்தான். எனவே 1930-களின் லண்டன் பிளாட்டின நகையில் அப்படி ஒரு முத்திரை இல்லாதது குறையல்ல.

நகையில் பொறித்த நிறுவனப் பெயர், அதாவது கையெழுத்தும், அதனருகே உள்ள வரிசை எண்ணும் தனி விஷயம். அதே காலத்தின் வேறொரு நல்ல நகையில் பிற்காலத்தில் கார்ட்டியே பெயரைப் பொறித்து விற்பதும் நடக்கிறது. நான் லூப்பில் பார்ப்பது எழுத்தின் ஓரத்தை. சுற்றியுள்ள உலோகம் பல்லாண்டு தேய்ந்திருக்க, எழுத்து மட்டும் கூராக நின்றால் விலகிவிடுகிறேன். பெயர் நகையை நல்லதாக்குவதில்லை. பின்பக்கமும் பொடிக்கல்லும் விளிம்பும் முதலில் கார்ட்டியே என்று சொல்ல வேண்டும், அதற்கு அப்புறம் பெயர் அதை உறுதிசெய்ய வேண்டும். தங்கக் கோடு ஓடும் அந்தச் சிவப்புப் பெட்டிக்கும் இதே கணக்கு. பெட்டிகள் தனியாகவே விலைக்கு வருகின்றன. உள்ளே வெட்டியிருக்கும் பள்ளத்தில் நகை இம்மி பிசகாமல் உட்கார்ந்தால்தான் அது இந்த நகைக்கென்று செய்த பெட்டி.

மோதிரம்தான் எனக்கு மிகப் பிரியமானது. நடுக்கல் பழைய ஐரோப்பிய வெட்டு: வட்டமான கல், மேல்தளம் சிறியது, தோள் உயரம். அடி நுனியை ஒரு சிறு பட்டையாகச் சீவியிருப்பதால் மேலிருந்து பார்த்தால் நடுவில் குட்டி வட்டம் ஒன்று தெரியும். வைரத்துக்குள் ஒளி எந்தக் கோணத்தில் திரும்பினால் வெளிச்சமும் வண்ணமும் சமமாகக் கிடைக்கும் என்று வைரம் தீட்டும் குடும்பத்தில் வந்த மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் கணக்குப் போட்டு வெளியிட்டார். இன்றைய வட்ட வெட்டு அந்த வழியில் வந்தது. பழைய வெட்டு, தீட்டியவரின் கண்ணை நம்பி வந்தது. பகல் வெளிச்சத்தில் அமைதியாக இருக்கும். மஞ்சள் விளக்கின் கீழ் பெரிய பெரிய வண்ணத் துண்டுகளாக உடைந்து எழும். இப்படிப்பட்ட கல்லைப் புது அளவுக்கு மறுபடி தீட்டினால் தரச்சான்றிதழில் நல்ல எழுத்துகள் வரலாம். எடையும் போகும், அந்தக் குணமும் போகும். நான் ஒருபோதும் செய்ய மாட்டேன், செய்ய நினைப்பவர்களையும் கெஞ்சித் தடுப்பேன்.

பதித்த கல்லைக் கழற்றாமல் எடை தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. வட்டக் கல்லின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, ஆழத்தாலும் 0.0061 என்ற எண்ணாலும் பெருக்கினால் ஏறத்தாழ கேரட் வரும். 6.5 மி.மீ. விட்டம், 3.9 மி.மீ. ஆழம் என்றால் ஒரு கேரட், அதாவது 0.2 கிராம். இது இன்றைய வெட்டுக்குப் போட்ட கணக்கு. தோள் உயர்ந்த பழைய கல்லில் கொஞ்சம் முன்பின்னாகும். பிளாட்டினத்தின் நிழல் கல்லில் விழுவதால் நிறத்தையும் சரியாகச் சொல்ல முடியாது, ஒரு வரம்பாகத்தான் எழுதிவைக்கிறேன். ஒவ்வொரு நகைக்கும் ஒரு தாள்: முன்பின் படங்கள், முத்திரைகளின் நெருக்கப் படம், மொத்த எடை, மாற்றிய கற்களின் இடம், முன்பு எந்த ஏலத்தில் வந்தது என்ற விவரம். அந்தத் தாள் நகையோடு கூடவே இருக்கிறது.

இவற்றை நான் அணிகிறேன். வைரத்தின் மேற்பரப்பில் தண்ணீர் ஒட்டாது, எண்ணெய் ஒட்டும். ஒரு காலத்தில் சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேசைமேல் நொறுக்கிய பாறையும் தண்ணீரும் கலந்த கூழை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். அதனால் விரல் பட்டாலே மங்கும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, மயிர்த்தூரிகை போதும். ஒலி அதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டியில் இந்த வயது நகையைப் போடவே கூடாது, கல்லைப் பிடித்திருக்கும் தேய்ந்த உலோக நகங்கள் அதிர்வில் கல்லை விட்டுவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனி துணிப்பையில் வைக்கிறேன். வைரம் வைரத்தையே கீறும்.

இப்போது தேடிக்கொண்டிருப்பது பகெட் கற்கள் வைத்த ஒரு நகை. 1920-களில் பெரிதாக எழுந்த அந்த நீளச் செவ்வக வெட்டு என் சேகரிப்பில் இன்னும் இல்லை. படிப்படியான பட்டைகள், கண்ணாடிச் சன்னல் போலத் திறந்த தளம். உள்ளே சின்ன மறு இருந்தாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. மூலைகள்தான் கவலை, இலேசாகத் தட்டினாலே சில்லு பெயரும். சமீபத்தில் பார்த்த ஒரு கிளிப்பில் உலோக வேலை அற்புதம், நடுவரிசையில் இரண்டு பகெட்டுகளின் மூலை மட்டும் பெயர்ந்திருந்தது. அதே அகலத்தில் பழைய கற்கள் கிடைத்தால் பொருத்தலாமா என்று பிளாட்டின வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அளவெடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.