மோரு மூடி வச்சிருக்கேன்

மெட்டு வாட்ஸ்அப்பில் வந்து 9 நாள் ஆகியிருந்தது. இசையமைப்பாளர் தானே சொல்லில்லாமல் தத்தகாரத்தில் பாடி அனுப்பிய 4 நிமிடம். பல்லவியின் முதல் அடி ‘தான தான தந்தனத்தான்’. பள்ளிக்கூடப் பிள்ளைகூட நிரப்பிவிடும்.

எனக்கு வரவில்லை. வந்ததெல்லாம் நிலவும் மழையும் விழியும்தான். 15 வருடமாக அவற்றையே இடம் மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். சந்தத்துக்கு எழுதுவதில் ஒரு சங்கடம் உண்டு: அளவு பொருந்திவிட்டால் கை நின்றுவிடும், பொருள் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றாது. மேல் ஸ்தாயியில் நீட்டும் இடத்தில் ‘ஆ’வோ ‘ஓ’வோ விழ வேண்டும், வேகமாக ஓடும் இடத்தில் ‘ற்க’ மாதிரி நாக்கில் முட்டும் எழுத்து கூடாது. இந்தக் கணக்கெல்லாம் பழகிப்போனதுதான் என்னை முடக்கியது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை, சாலிகிராமத்து டீக்கடைகளைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். அந்த மாதம் நைட் டூட்டி. நாங்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான். பத்தாம் நாள் இரவு அடுப்படியில் ஒரு தாள் இருந்தது: ‘மோரு மூடி வச்சிருக்கேன். பூனை வரும், ஜன்னலைச் சாத்துங்க.’

படித்துவிட்டு நகர்ந்தவன் திரும்பி வந்தேன். தான தான தந்தனத்தான். ஒரு மாத்திரை பிசகவில்லை.

அப்படியே பாட்டில் போட முடியாது. ‘மோரு’வை எடுத்துவிட்டு ‘பேச்ச’ என்று வைத்தேன். பேச்ச மூடி வச்சிருக்கேன். நேரில் சொல்ல வாய்க்காத பேச்சையெல்லாம் ஒருத்தி தட்டுப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். அவள் யாரென்று தெரிந்துவிட்டதால் இரண்டு சரணமும் விடிவதற்குள் வந்துவிட்டன.

“சமையக்கட்டு மாதிரி இருக்கே சார், லவ் எங்க?” என்றார் இயக்குநர். குறுந்தொகையின் 167-ஆம் பாட்டைச் சொன்னேன். கூடலூர் கிழார் எழுதியது, ஆறே அடி. தயிர் பிசைந்த கையோடு, கட்டிய துணியைக்கூடத் துவைக்காமல், தாளிப்புப் புகை கண்ணில் ஏற, அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பு. ‘இனிது’ என்று கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் தெரிந்தும் தெரியாமலும் மலர்கிறது. அவ்வளவுதான் பாட்டு.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அந்த ‘மூடி’ய மட்டும் மாத்திடலாமா?” என்றார். இசையமைப்பாளர் விடவில்லை. ‘மூ’வில் அவர் குரலை நெளிக்கும் ஒரு கமகம் வைத்திருந்தார், பிழைத்தேன்.

ட்ராக் வந்த அன்று மனைவிக்குப் போட்டுக் காட்டினேன், குறுந்தொகைக் கதையோடு சேர்த்து. முழுக்கக் கேட்டாள்.

“அந்தாளாவது நல்லாருக்குன்னு சாப்பிட்டாரு. அன்னிக்கு நீங்க மோரைத் தொடவே இல்ல. காலைல வந்து பாத்தா புளிச்சுக் கெடந்துச்சு.”